வெளிநாடு போன உம்மாவை ஏசுமுன்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

வெளிநாடு போன உம்மாக்களைப் பற்றிப் பேசாத வாய் நமது ஊர்களில் இல்லை. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒரே பேச்சுத்தான். "பொம்புளப் புள்ளைகள உட்டுட்டுப் போறாளே, இவளெல்லாம் ஒரு உம்மாவா?" தேநீர்க்கடையில் இது கேட்கிறது. கலியாண வீட்டுப் பந்தலில் கேட்கிறது. சில பயான்களிலும் கேட்கிறது. முகநூலில் சொல்லவே வேண்டாம்.

பாடசாலையில் அந்தப் பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்கிற நாங்கள் ஒரேயொரு கேள்வி கேட்கிறோம். அவ எதற்காகப் போனா?

பசிக்காகப் போனவர்கள் இருக்கிறார்கள். கணவன் விட்டுப் போனதால் போனவர்கள் இருக்கிறார்கள். நுண்கடன்காரன் வாசலில் வந்து நின்றதால் போனவர்களும் இருக்கிறார்கள். 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் முதல் ஒப்பந்தத்தில் கடனை அடைத்துவிட்டு வந்தவ, இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் ஏன் போகிறா? அவ அனுப்புகிற காசு எங்கே போகிறது என்று பாருங்கள். வளவுக்குள் போய்ப் பாருங்கள். அத்திவாரம் போட்டு, பீம் கட்டி, கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். மகளுக்கு வீடு.

மகளுக்கு வயது எட்டு.

உம்மா வீட்டில் இருந்தால் ஒரு நாள் எப்படிப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் யாரும் அதைக் கணக்கெடுப்பதில்லை. சுபஹ் பாங்கோடு எழும்புகிறா. அடுப்பைப் பற்றவைக்கிறா. மூன்று பெண்பிள்ளைகளை எழுப்பி, ஒருத்திக்குத் தலை பின்னி, ஒருத்தியின் பர்தாவுக்கு ஊசி குத்தி, சின்னவளின் ஒற்றைச் சப்பாத்தைத் தேடி, ஏழரைக்குள் பாடசாலை வாசலில் கொண்டுவந்து விடுகிறா. ஒன்றரைக்குப் பிள்ளைகள் வரும்போது சோறு இருக்க வேண்டும். அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸா. மஃரிபுக்குப் பிறகு பாடம். தரம் 5 பிள்ளை இருந்தால் புலமைப்பரிசில் என்று சொல்லி ரியூஷனுக்கும் அலைய வேண்டும். இதற்கு நடுவில் தையல் மெஷின் மிதிக்கிறவர்களும், மருதமுனையில் தறியில் உட்காருகிறவர்களும் எத்தனை பேர்! அப்படியிருந்தும், "உங்கட உம்மா என்ன செய்றா?" என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் சொல்லும் பதில்: "சும்மா இரிக்கா."

அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் பெண்பிள்ளை வளர்கிறாள். பேன் பார்க்கும்போது, எண்ணெய் வைக்கும்போது, பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். இன்று யாரோடு சண்டை, எந்தப் பாடம் விளங்கவில்லை, வழியில் எந்த ஆள் ஒரு மாதிரிப் பார்த்தான், எந்த மாமா கையைப் பிடித்து இழுத்தார். கேட்டால் சொல்லமாட்டாள். கேட்காமல் பக்கத்தில் இருந்தால் சொல்வாள். பெண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பை எந்த மதிலும் தராது.

உம்மா இல்லாத பிள்ளையை நாங்கள் வேறு விதமாகக் காண்கிறோம். ஒழுங்காகத் தலை பின்னாமல் வருவாள். பெற்றோர் கூட்டத்துக்குச் சாச்சி வருவார், அல்லது நடக்க முடியாத உம்மம்மா ஓட்டோவில் வருவார். வகுப்பில் முதல் தடவையாக உதிரம் கண்டு, வெள்ளைச் சீருடையோடு கதிரையை விட்டு எழும்ப மாட்டாமல் இருக்கிற பிள்ளையிடம், "யாருக்குக் கோல் எடுக்க மகள்?" என்று ஆசிரியை கேட்டால், அவள் சொல்லுவது வெளிநாட்டு இலக்கமாக இருக்கும். அந்த நேரம் அங்கே உம்மாவின் கையில் போன் இருக்காது. வேறொரு வீட்டுப் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருப்பா.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டு வேலைக்கான ஒப்பந்தம் வழமையாக 2 வருடம். ஒரு ஒப்பந்தத்தில் வீடு எழும்பாது. மூன்று தடவை போனால் 6 வருடம். பாடசாலை வருடத்துக்கு ஏறக்குறைய 200 நாள் நடக்கிறது. அதாவது 1200 காலை. ஆறு வயதில் விட்டுப் போன மகள், உம்மா திரும்பி வரும்போது பன்னிரண்டு வயதில் நிற்கிறாள். அடுத்த ஏழெட்டு வருடத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவோம். மகளுக்காகக் கட்டிய வீட்டில் மகளோடு வாழாமலே ஒரு உம்மாவின் வாழ்க்கை முடிகிறது.

உடனே ஒரு பதில் வரும். "வீடு கொடுப்பது நமது பாரம்பரியம். பெண்ணுக்குப் பாதுகாப்பு. அதையும் ஒழிக்கச் சொல்லுகிறீர்களா?"

இல்லை. ஒழிக்கச் சொல்லவில்லை. கிழக்கு முஸ்லிம்கள் தாய்வழியாகக் குடி சொல்லுகிறவர்கள். பள்ளிவாசல் மரைக்கார்மாரைக்கூட அந்தக் குடிகளின் பேரில்தான் நமது முன்னோர் தெரிவு செய்தார்கள். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் நமது பெண்பிள்ளை புகுந்த வீட்டில் அந்நியமாகப் போய் நிற்பதில்லை. பிள்ளை பெறும்போது உம்மா பக்கத்தில் இருக்கிறா. சண்டை வந்தால் வீட்டை விட்டு இறங்க வேண்டியவள் அவளில்லை. நாட்டின் எத்தனையோ பகுதிப் பெண்களுக்கு இந்தப் பலம் கிடையாது.

அந்தப் பலம் எவ்வளவு லேசாகக் கைவிட்டுப் போகும் என்பதையும் கண்டோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். கடலோரத்தில் அழிந்தவற்றில் பெண்களின் பேரில் இருந்த சீதன வீடுகளும் இருந்தன. திரும்ப வீடு கொடுக்கும்போது படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் ஆணின் பேரை எழுதினார்கள். உம்மாவின் வளவாக இருந்தது பலருக்குக் கணவனின் வீடாகத் திரும்பி வந்தது. கிழக்கில் பெண்கள் அமைப்புகள் அன்றே இதைச் சொல்லிச் சண்டை பிடித்தன. ஆகவே பெண்ணின் பேரில் வீடு இருப்பதற்கு நாங்கள் எதிரி இல்லை. இருக்க வேண்டும் என்றுதான் சொல்லுகிறோம்.

நமது சண்டை வேறு. உம்மா மகளுக்குக் கொடுத்த வீடு, இன்று மாப்பிள்ளையின் வீட்டார் கேட்கிற விலையாக மாறிவிட்டது.

முன்பு உம்மா தான் இருந்த வீட்டையே மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு இளைய மகள்களோடு ஒதுங்குவா. மண் சுவரும் கிடுகுக் கூரையும் அன்றைக்குப் போதுமாக இருந்தது. இன்று அப்படிப் போதுமா? கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருங்கிப்போன நமது ஊர்களில் காணி பேர்ச் கணக்கில் விற்கிறது. ஓடு போதாது, சிலாப் வேண்டும். சீமெந்துத் தரை போதாது, டைல்ஸ் வேண்டும். மூன்று மகள் என்றால் மூன்று வீடு. கூலித் தொழில் செய்கிற வாப்பாவுக்கு இது எந்தக் காலத்தில் முடியும்? அப்போதுதான், போவதற்கு முன்பே கையில் காசு தருகிறேன் என்று சப் ஏஜென்ட் வாசலுக்கு வருகிறான்.

"நாங்க ஒண்டும் கேக்கல்ல, அவங்களாத்தான் தந்தாங்க" என்பது நமது ஊரில் அதிகம் சொல்லப்படுகிற பொய். கேட்கவில்லையா? பேச்சு வந்தவுடன் தரகரிடம் முதலில் கேட்பது என்ன? பிள்ளை ஓதியிருக்கிறாளா, என்ன குணம் என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி, "வீடு இரிக்கா?" இல்லை என்றால் அடுத்த வாரம் பேச்சு நின்றுவிடும். காரணமும் சொல்லமாட்டார்கள். பிறகு கேட்டோமா இல்லையா என்று அல்லாஹ்வுக்கு முன் எப்படிச் சொல்லப் போகிறோம்?

மார்க்கம் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மஹர் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. சூரத்துந் நிஸாவின் 4ஆவது வசனம் அதை மனமுவந்து கொடுக்கச் சொல்லுகிறது. இந்தக் கடமை ஆணின் தலையில் இருக்கிறது. நமது ஊரில் எத்தனை காவின்களில் பேருக்கு ஒரு தொகையை எழுதிவிட்டு, அதைப் போல எத்தனையோ மடங்கு பெறுமதியான வீட்டில் மாப்பிள்ளை குடியேறுகிறார்! சட்டத்தையும் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. அந்தக் காசு மாப்பிள்ளையின் கைக்குப் போனாலும் பெண்ணின் பாவனைக்காகக் கொடுக்கப்படுவது. காதி நீதிமன்றத்தில் அதைத் திரும்பக் கேட்கலாம். நமது பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

அரசாங்கமும் இதில் சளைத்ததில்லை. மூதூர் றிசானா நபீக்கை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2005இல், 17 வயதில், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பப்பட்ட பிள்ளை. 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்றைக்கு அழாத வீடு இல்லை. அதே 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள உம்மா வீட்டு வேலைக்குப் போக முடியாது, மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது என்றும் எழுதிக் காட்ட வேண்டும் என்றார்கள். வாப்பா போனால் எந்த அறிக்கையும் வேண்டியதில்லை. பிறகு 2022இல் டொலர் இல்லாமல் போனபோது அந்த 5 வயதை 2 ஆகக் குறைத்தார்கள். பிள்ளைக்கு உம்மா தேவைப்படுகிற வயது மூன்று வருடம் குறைந்துபோனதா? நாட்டுக்குக் காசு தேவை வந்தது, அவ்வளவுதான். ஊருக்கு வீடு தேவை. நாட்டுக்கு டொலர் தேவை. இரண்டையும் ஒரே பெண்ணின் முதுகில் ஏற்றிவிட்டு, அவ பிள்ளையை விட்டுப் போனா என்று குற்றம் சொல்லுகிறோம்.

இப்போது தெளிவாகச் சொல்லுகிறோம்.

மாப்பிள்ளைமாரின் உம்மாக்களே, உங்களிடம்தான் முதலில். நீங்களும் இப்படி ஒரு வீட்டுக்காக வாழ்க்கையை உருக்கியவர்கள்தான். உங்கள் மகனுக்குப் பேச்சு வரும்போது "வீடு இரிக்கா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இரண்டு அறையுள்ள உம்மா வீட்டில் ஒரு அறை போதும் என்று சொல்லுங்கள். பிறகு இருவரும் சம்பாதித்து, பெண்ணின் பேரிலேயே, ஒவ்வொரு கல்லாக வைக்கட்டும். உழைக்கிற ஆண்பிள்ளை தன் குடும்பத்துக்கு வீடு கட்டுவது வெட்கம் இல்லை.

வாப்பாமாரே, உம்மா வெளிநாட்டில் இருக்கிற வீட்டில் தலை பின்னக் கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள். பெண்பிள்ளையை வளர்ப்பது சாச்சியின் வேலை, உம்மம்மாவின் வேலை என்று கைகழுவாதீர்கள். அவ அனுப்புகிற ஒவ்வொரு ரியாலுக்கும் கணக்கு வைத்திருங்கள். மோட்டார் சைக்கிள் அந்தக் கணக்கில் வரக் கூடாது.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளே, காவின் எழுதும் சபையில் மஹர் எவ்வளவு என்று சத்தமாக வாசிக்கிறோம். கைக்கூலி என்ன, வீடு யாருடைய பேரில் என்பதையும் அதே சத்தத்தில் வாசியுங்கள். ஊர் கேட்கட்டும். வெட்கப்பட வேண்டியவர் வெட்கப்படட்டும்.

பயான் செய்கிற ஆலிம்களே, உம்மாவின் இடம் வீடுதான் என்று நீங்கள் சொல்லுவதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ஜும்ஆவிலேயே, அவவை வீட்டை விட்டுத் துரத்துவது யாருடைய ஆசை என்பதையும் முன் ஸப்பில் இருக்கிறவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த உம்மாக்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவதும் இருக்கிறது. உங்களைக் குற்றவாளியாகக் கூண்டில் நிறுத்த இந்த ஊருக்கு உரிமை இல்லை. மகள் உங்களோடு ஒட்டாமல் நிற்கிறாள் என்று அழாதீர்கள். எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னால் உட்காருங்கள். எதையும் கேட்க வேண்டாம். நாள் எடுக்கும். சொல்லுவாள்.

போவதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிற உம்மாவுக்கும் ஒரு சொல். மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அவளுடைய இருபது வயதுக்கான வீட்டுக்கு அவசரப்பட வேண்டாம். உங்களுக்கு வேறு வழியே இல்லாமல் இருந்தால் அதற்கு ஊர்தான் வெட்கப்பட வேண்டும், ஸகாத் சேர்க்கிற ஊர், பெருநாளைக்கு உடுப்புக் கடைகளை நிரப்புகிற ஊர்.

இதை வாசித்துக் கோபப்படுகிறவர்கள் கீழே எழுதலாம். ஒரு நிபந்தனை. எழுதுவதற்கு முன், நீங்கள் இப்போது இருக்கிற வீடு யாருடைய காசில் எழும்பியது, அதற்காக எத்தனை வருடம் யார் யாரைப் பிரிந்திருந்தார்கள் என்பதை முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடருங்கள்.

வஸ்ஸலாம்.