பட்டாளத்தைக் கேள்வி கேட்ட வக்கீல்

1921 மார்ச் 28ஆம் தேதி தில்லியில் மத்திய சட்டசபை கூடியிருந்தது. மதராஸிலிருந்து வந்திருந்த 57 வயது வக்கீல் ஒருவர் எழுந்து, ராணுவத்தைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாக 15 தீர்மானங்களை முன்வைத்தார். சர் பி. எஸ். சிவஸ்வாமி ஐயர் மதராஸ் மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். மதராஸ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். பட்டாளத்தில் ஒரு நாளும் இருந்தவர் இல்லை. ஆனால் எஷர் பிரபு தலைமையிலான குழு முந்தைய ஆண்டு தந்திருந்த ராணுவ அறிக்கையை வரி வரியாகப் படித்துவிட்டு வந்திருந்தார்.

அந்தச் சபைக்கு என்ன அதிகாரம் இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி ராணுவச் செலவு சபையின் வாக்கெடுப்புக்கு வராது. வைஸ்ராய் அனுமதித்தால் ஒழிய அதைப் பற்றி விவாதிக்கவும் கூடாது. தீர்மானம் போடலாம், அது வெறும் பரிந்துரை. அரசு விரும்பினால் எடுத்துக்கொள்ளும், விரும்பாவிட்டால் கட்டிப் பரணில் போடும். கையில் எதுவும் இல்லாத அந்தச் சபை கேட்ட கேள்விகளோ அடிப்படையானவை. இந்த ராணுவம் யாருக்காக? இந்தியாவைக் காக்கவா, லண்டன் கைகாட்டும் திசையெல்லாம் போகவா? ஆண்டுதோறும் வழங்கப்படும் மன்னர் கமிஷன் என்ற அதிகாரி நியமனங்களில் நூற்றுக்கு 25க்குக் குறையாமல் இந்தியர்களுக்குக் கிடைக்க வேண்டாமா? அதற்குத் தகுந்த பயிற்சியை இங்கேயே கொடுக்க, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் போல ஒரு ராணுவக் கல்லூரி இந்திய மண்ணில் ஏன் இல்லை?

மதராஸ்காரர் ஒருவருக்கு இந்த விஷயத்தில் இத்தனை அக்கறை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருந்தது. கம்பெனிக் காலத்தில் கர்நாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் முன்னால் நின்றவை மதராஸ் பட்டாளங்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்திச் சிப்பாய் இனிச் சண்டைக்கு லாயக்கில்லை என்ற முடிவுக்கு வந்தார். அவரே 1885இல் இந்தியா முழுமைக்கும் தளபதியானபோது அந்த அபிப்பிராயம் கொள்கையாகிவிட்டது. வடக்கே போகப் போக வீரம் கூடும், தெற்கே வர வர மங்கும் என்ற கணக்கில் ஆளெடுப்பு நடந்தது. மதராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920களின் முடிவில் நிரந்தரக் காலாட்படையில் மதராஸ் என்ற பெயரே இல்லை. பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். மேற்கே மகர் சாதியினருக்கும் இதே கதிதான். 1890களில் அவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. அம்பேத்கர் விடாமல் வற்புறுத்தியும் மகர் ரெஜிமென்ட் எழுந்தது 1941இல்தான், அதுவும் உலகப் போரின் நெருக்கடியில். மதராஸ் ரெஜிமென்ட் மறுபிறப்பு எடுத்ததும் அதே நெருக்கடியில்தான். ஆள் தேவைப்பட்டதும் இன வீரக் கோட்பாடு எங்கே போயிற்று என்று யாரும் விளக்கவில்லை.

சிவஸ்வாமி ஐயர் கேட்டதில் படித்த நடுத்தர வகுப்பின் ஆசையும் கலந்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் கண் அதிகாரி பதவியின் மேல் இருந்தது. கவாத்து மைதானத்தில் வெயிலில் நிற்கும் சிப்பாயின் சம்பளமும் சோறும் அவருடைய தீர்மானங்களில் முதலிடம் பெறவில்லை. சிப்பாய் எப்படிப் பிடிக்கப்பட்டான் என்ற கதை வேறொரு இடத்தில் வெளிவந்தது. முதல் உலகப் போரில் போரிடும் படைக்கு எடுக்கப்பட்ட ஆட்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பஞ்சாபிலிருந்து போனவர்கள். கிராமத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து, மிரட்டியும் ஆள் எடுத்தார்கள் என்ற புகார் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சேட்டூர் சங்கரன் நாயர் தம் புத்தகத்தில் பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த மைக்கேல் ஓ’டயரைச் சாடினார். ஓ’டயர் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1924இல் ஐந்து வாரம் நடந்த அந்த வழக்கில் ஆளெடுத்த முறையும் சாட்சிக் கூண்டில் அலசப்பட்டது. தீர்ப்பு நாயருக்கு எதிராகப் போயிற்று. 500 பவுண்டு கட்ட வேண்டிவந்தது. பஞ்சாப் கிராமங்களில் நடந்த ஆளெடுப்பை விசாரித்திருக்க வேண்டியது ஒரு மக்கள் சபை. விசாரித்தது லண்டன் ஜூரி.

தில்லிச் சபை கேட்ட கேள்விகள் என்னவாயின? அரசு வழக்கம்போல் மெதுவாக நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. 1922 மார்ச்சில் டேராடூனில் சிறுவர்களுக்கான ராணுவக் கல்லூரி திறக்கப்பட்டது. பிற்காலத் தளபதி திம்மய்யா அங்கே படித்தவர். 1923 பிப்ரவரியில் தளபதி ராலின்ஸன் ஒரு திட்டத்தை அறிவித்தார்: எட்டுப் படைப்பிரிவுகள் படிப்படியாக முழுக்க இந்திய அதிகாரிகளிடம் விடப்படும். சலுகை போலத் தெரிந்தது. உள்ளே இருந்தது வேறு: இந்திய அதிகாரிக்குக் கீழே வெள்ளைக்கார அதிகாரி வேலை பார்க்கும் நிலை வந்துவிடாதபடி அவர்களை எட்டு டப்பாக்களில் அடைத்து வைப்பது. உறுப்பினர்கள் இதைக் கண்டுகொண்டு மறுபடி மறுபடி கேட்டார்கள். 1925இல் இதை ஆராய ஸ்கீன் குழு அமைந்தது. மோதிலால் நேருவும் ஜின்னாவும் அதில் இருந்தார்கள். மோதிலால் நடுவில் விலகினார். ஜின்னா உட்பட்ட துணைக்குழு கடல் கடந்து போய் மேல்நாட்டு ராணுவப் பள்ளிகளை நேரில் பார்த்தது. 1933இல் இந்தியாவில் ராணுவக் கல்லூரி, 1952இல் அதிகாரிகளில் பாதிப் பேர் இந்தியர் என்று குழு எழுதியது. லண்டன் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, சாண்ட்ஹர்ஸ்ட் இடங்களை 10இலிருந்து 20 ஆக்கியது.

பிறகு வட்டமேஜை மாநாடு. அதன்பின் 1931இல் தளபதி செட்வோட் தலைமையில் இன்னொரு குழு. அதில் சிவஸ்வாமி ஐயரும் உறுப்பினர். 1932 அக்டோபர் 1ஆம் தேதி டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 40 மாணவர்களோடு திறந்தது. 15 பேர் போட்டித் தேர்வில் வந்தவர்கள், 15 பேர் சிப்பாய் வரிசையிலிருந்து, 10 பேர் சமஸ்தானப் படைகளிலிருந்து. அந்த 40 பேரில் ஒருவர் சாம் மானெக்‌ஷா. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே 11 ஆண்டு. 1939இல் சில நூறாக இருந்த இந்திய அதிகாரிகள் உலகப் போர் முடிகையில் 8,000க்கும் மேல். சுதந்திரம் வந்த அன்று நமக்கென்று ஒரு ராணுவத் தலைமை இருந்ததென்றால், அதில் அந்த 15 தீர்மானங்களுக்கும் பங்குண்டு.

சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றத்துக்கு எல்லா அதிகாரமும் வந்துவிட்டது. 1949இல் அரசு சாதி, இன அடிப்படையிலான ஆளெடுப்பைக் கொள்கையளவில் கைவிட்டது; பழைய ரெஜிமென்ட்கள் பழைய பெயர்களோடும் பழைய வழக்கத்தோடும் தொடர்ந்தன. 1962இல் சீனாவிடம் தோற்ற பின், 1963 செப்டம்பர் 2 அன்று பாதுகாப்பு அமைச்சர் சவான் மக்களவையில் அறிக்கை படித்தார். அடிப்படைப் பயிற்சி சரியாகத்தான் இருந்தது, சீனாவோடு போர் என்ற நோக்கில் அது அமையவில்லை, எதிரியின் போர்முறை நம் வீரர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது அதன் சாரம். இதைச் சபையில் சொன்னது பெரிய காரியம்தான். ஆனால் அவர் சுருக்கிச் சொன்ன ராணுவ விசாரணையான ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை சபையின் மேஜைக்கு வரவேயில்லை. அந்தப் போரின் அவசரத்தில்தான் 1963இல் நம் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. போரில் என்ன குறை நேர்ந்தது என்பதை விவரமாகச் சொல்லும் காகிதம் மட்டும் அதிகாரபூர்வமாக இன்னும் பூட்டுக்குள்.

2006இல், முஸ்லிம்களின் நிலையை ஆராய அரசு அமைத்த சச்சார் குழு ராணுவத்தில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று விவரம் கேட்டது. எண்ணிக்கை கேட்பதே ராணுவத்தைப் பிளக்கும் என்று பெரும் கூச்சல் எழுந்து, அந்த வேலை நிறுத்தப்பட்டது. ராணுவத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை 1921இன் உறுப்பினர்கள் அரசின் முகத்துக்கு நேரே கேட்டார்கள். நாமோ கேள்வியே கேட்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம்.

பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் நாட்டுக்கு மட்டும் வேறு ஏற்பாடு வைத்திருந்தார்கள். 1689இல் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் அமைதிக் காலத்தில் நிரந்தரப் படை வைக்கக் கூடாது என்று விதித்தார்கள்; ராணுவ ஒழுங்குச் சட்டத்தைச் சிறிது காலத்துக்கு மட்டும் கொடுத்து, மன்னரைத் திரும்பத் திரும்பச் சபைக்கு வரவைத்தார்கள். இன்றும் அங்கே ராணுவச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். சர்ரே மாவட்டத்தின் டீப்கட் முகாமில் 1995க்கும் 2002க்கும் இடையே பயிற்சியிலிருந்த நான்கு இளைஞர்கள் குண்டுபட்டு இறந்தபோது, பிரிட்டிஷ் மக்களவையின் பாதுகாப்புக் குழு பயிற்சி முகாம்களையே விசாரித்து 2005இல் அறிக்கை தந்தது. பிறகு வீரர்களின் புகார்களுக்கென்று ஓர் ஆணையர் வந்தார். நம்முடைய ராணுவச் சட்டம் 1950இல் இயற்றப்பட்டது. அதைப் புதுப்பிக்கச் சொல்லி எந்த அமைச்சரும் சபை முன் வந்து நிற்க வேண்டியதில்லை.

ராணுவத்துக்குக் குறுகிய காலத்துக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டத்துக்கு வருகிறேன். கார்கில் போருக்குப் பின் நம் ஊர்க்காரரான கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த குழு, படை இளமையாக இருக்க வேண்டும், பணிக்காலத்தை ஏழு முதல் பத்து ஆண்டாகக் குறைக்கலாம் என்று எழுதியது. அந்த அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. எனவே அக்னிபத்துக்குப் பின்னால் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட திட்டம் நான்காண்டுப் பணி என்றது. அதன்பின் நால்வரில் ஒருவர் மட்டும் தங்கலாம், மற்றவர் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும். ஓய்வூதியம் கிடையாது. பயிற்சிக் காலம் சுமார் ஆறு மாதம். கொரோனாவால் இரண்டு ஆண்டு ஆளெடுப்பு நின்று, வயது வரம்பு கடந்துகொண்டிருந்த பையன்கள் காத்திருந்த நேரம் அது. இத்தனை பெரிய மாற்றம் நாடாளுமன்றத்தில் ஒரு மணி நேரம்கூட விவாதிக்கப்படாமல் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் வெளிவந்தது. பீகாரில் ரயில்கள் எரிந்தன. இரண்டே நாளில் அந்த ஆண்டுக்கு மட்டும் வயது உச்சவரம்பு 21இலிருந்து 23 ஆயிற்று. சபையில் ஒரு நாள் பேசியிருந்தால் முதல் உறுப்பினரே கேட்டிருக்கக்கூடிய விஷயம்.

2024 அக்டோபரில் நாசிக் அருகே தேவ்லாலியில் பீரங்கிப் பயிற்சியின்போது குண்டு வெடித்து, இத்திட்டத்தில் சேர்ந்த இரண்டு அக்னிவீரர்கள் இறந்தார்கள். பணியில் இறக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்கும் வழக்கமான வீரரின் குடும்பத்துக்குக் கிடைப்பதே கிடைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு அதற்கு எட்டு மாதம் முன்பே எழுதியிருந்தது. நிலைக்குழுக்கள் நல்ல வேலை செய்கின்றன. அவற்றின் உறுப்பினர்கள் கட்சி மறந்து படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். சபையில்தான் அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை, நேரமும் இல்லை. 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் மக்களவை எல்லாத் துறை மானியங்களையும் விவாதமின்றி கில்லட்டின் முறையில் ஒரே மூச்சில் நிறைவேற்றியது. 2023இல் பாதுகாப்புக்கு மட்டும் சுமார் 5.94 லட்சம் கோடி ரூபாய். வாக்களிக்கும் உரிமை இல்லாத சபை 1921இல் ராணுவத்தைப் பற்றி 15 தீர்மானங்களை வரிசையாக எடுத்துப் பேசியது. முழு உரிமை உள்ள சபை ஒரு குரல் வாக்கோடு எழுந்து போகிறது.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர். இப்படிப்பட்ட ஊர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு: 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணி அக்னிவீரர்களுக்கு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் நான்காண்டு முடிகிறது. நால்வரில் யார் தங்குவார், எந்த அளவுகோலில், திரும்பி வரும் மூவருக்கு அரசு தருவதாகச் சொன்ன வேலைகள் எத்தனை கொடுக்கப்பட்டன, ஆறு மாதப் பயிற்சி போதுமானதாக இருந்ததா? உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த முறை ஊர்ப் பக்கம் வரும்போது, எந்தக் கட்சியானாலும் சரி, இவற்றைக் கேள்வி நேரத்தில் கேட்கச் சொல்லுங்கள். கேட்டாரா என்று பிறகு விசாரியுங்கள்.