வேடிக்கை பார்த்தவர்களுக்கு என்ன பாடம்?

பந்திங்கில் என் வீட்டுக்கு அருகில் சனிக்கிழமைதோறும் முதலாம், இரண்டாம் படிவ மாணவர்கள் சிலருக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன். அண்மையில் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிரச்சினை. வகுப்புத் தோழி ஒருத்தி வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படத்தை யாரோ ஸ்டிக்கராக மாற்றிவிட்டார்கள். அது மூன்று குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் இரண்டு நாள் பள்ளிக்கே போகவில்லை. விசாரித்தபோது ஒரு பையன் சொன்னான்: "அக்கா, நான் அதைச் செய்யல. அனுப்புனேன், அவ்வளவுதான்." மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

எனக்கு உடனே கண்டிக்க வாய் வரவில்லை. நான்காம் படிவத்தில் நானும் இப்படி ஒரு ஸ்டிக்கரை அனுப்பிச் சிரித்தவள்தான். அந்தத் தோழி குழுவைவிட்டு வெளியேறினாள். ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

'அனுப்பினேன், அவ்வளவுதான்' என்று கேட்டதும் ஏஷாவின் நினைவு வந்தது. ஏஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாவு, டிக்டோக் நேரலைகளில் தமக்கு எதிராக வந்த மிரட்டல்கள் குறித்துக் காவல் துறையில் புகார் செய்தார். மறுநாள், 2024 ஜூலை 5 அன்று, உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட். அது நீதிபதியின் தாராளம் அல்ல. 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் அந்தப் பிரிவில் அதற்கு மேல் விதிக்க இடமே இல்லை. நாடு கொதித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே குற்றவியல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் ஏற்றது. 507பி முதல் 507ஜி வரை சேர்க்கப்பட்ட புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. பகடிவதையால் ஒருவர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டால் பத்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். பிறருடைய அடையாள விவரங்களைத் துன்புறுத்தும் நோக்கில் வெளியிடுவதும் இப்போது குற்றம்.

சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் அது மிரட்டியவரைத் தேடிப் போகிறது. நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

நேரலை எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பார்வையாளர்கள் காசு கொடுத்து 'காயின்' வாங்குகிறார்கள். அதில் ரோஜாவோ வேறு பரிசோ அனுப்புகிறார்கள். அதன் ஒரு பகுதி நேரலை நடத்துபவருக்குப் பணமாகப் போகிறது, ஒரு பகுதி நிறுவனத்துக்கு. இரண்டு பேர் திரையைப் பகிர்ந்துகொண்டு மோதும் போட்டிகளும் உண்டு; யாருக்குப் பரிசு அதிகம் குவிகிறதோ அவர் வெற்றியாளர். அமைதியாகப் பேசினால் கூட்டம் கலைந்துவிடும், சண்டை போட்டால் கூடும். ஆகவே பார்ப்பவர் வெறும் பார்ப்பவர் அல்லர். அடுப்புக்கு விறகு போடுபவர். தமிழில் நம் ஆட்களையே ஏசும் நேரலைகளைப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் நாமேதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2025 ஏப்ரலில் ஜொகூர், கூலாயில் நடந்ததும் இதே கதைதான். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தி மாணவிகளின் படங்களை ஆபாசமாக மாற்றி விற்றதாக 16 வயது மாணவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஒரு படம் 2 ரிங்கிட் என்று செய்திகள் சொல்லின. விற்பனை என்றால் வாங்கியவர்கள் இருந்திருக்க வேண்டுமே. கேட்டால் அவர்களும் 'நான் செய்யவில்லை' என்றுதான் சொல்வார்கள்.

2025 நவம்பரில் அரசாங்கம் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கப்போவதாக அறிவித்தது. 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்புக்கு வந்துவிட்டது. ஆனால் தனிப்பட்ட செய்திப் பரிமாற்றம் அச்சட்டத்துக்குள் வராது. தடையில் நம்மை முந்திக்கொண்ட ஆஸ்திரேலியாவிலும் வாட்ஸ்அப் தடைப் பட்டியலில் இல்லை. ஆக, என் மாணவர்களின் ஸ்டிக்கருக்கு இவற்றில் எதிலும் பதில் இல்லை. தவிர, ஏஷாவை மிரட்டியவர்கள் பதினாறு வயதுப் பிள்ளைகளும் அல்லர்.

பெற்றோர் கவனிக்கட்டும் என்பார்கள். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளில் 'ஷிப்ட்' முடித்து வரும் அப்பா அம்மாவுக்குக் கைப்பேசியில் ஏதாவது சிக்கல் என்றால் சரிசெய்து கொடுப்பதே பிள்ளைதான். யார் யாரைக் கண்காணிப்பது?

பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்தது: கடவுச்சொல்லைப் பகிராதே, முன்பின் தெரியாதவரிடம் பேசாதே. இரண்டும் அந்நியரைப் பற்றிய எச்சரிக்கைகள். ஸ்டிக்கர் செய்தவள் என் பக்கத்து மேசைக்காரி. அடிப்படைக் கணினி அறிவியல் பாடத்தை எல்லாப் பள்ளிகளிலும் எல்லாரும் எடுப்பதில்லை. ஆனால் நன்னெறிக் கல்வி நம் பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் அது தமிழிலேயே நடக்கிறது. மரியாதை, பொறுப்புணர்வு என்ற தலைப்புகளுக்கு இன்னமும் பேருந்தில் முதியவருக்கு இடம் விடுவதையே உதாரணம் காட்டாமல், ஒரு வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொள்ளலாம். படம் வந்தால் என்ன செய்வாய்? யாரிடம் சொல்வாய்? ஆதாரத்தை எப்படிப் பத்திரப்படுத்துவாய்? பாதிக்கப்பட்டவளுக்குத் தனியாக என்ன எழுதுவாய்? மனம் உடைந்தவர் அழைக்க ஹீல் உதவி எண் 15555 இருப்பதும், பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929 இருப்பதும் என் டியூஷன் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை இதையெல்லாம் பேசினோம். "இப்ப என்னக்கா செய்யறது?" என்று கேட்டான் அந்தப் பையன். அனுப்பியதை எல்லாருக்கும் அழிக்கலாம் என்று பார்த்தால், வாட்ஸ்அப்பில் அந்த வசதிக்கு ஏறக்குறைய இரண்டரை நாள்தான் கெடு. அது எப்போதோ கடந்திருந்தது. ஒவ்வொரு குழுவாகப் போய் 'தயவுசெய்து அழித்துவிடுங்கள்' என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு குழுக்களில் கேட்டுவிட்டார்கள். மூன்றாவது குழுவுக்கு யார் அட்மின் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.