ஒன்று இரண்டாகத் தெரிந்தால் குடிகாரனா?

மாமாவுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 2022 கடைசியில் ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா ராஜபாளையம் பக்கம் டெய்லர். கடை மாடியில். நவம்பர் மழையில் வண்டி சறுக்கி விழுந்தார். ஹெல்மெட் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள், வழக்கம்போல பெட்ரோல் டேங்க் மேலேதான். தலையில் நாலு தையல். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கசிவு இல்லை, இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னோம்.

பத்து நாள் கழித்து மிஷினில் உட்கார்ந்தவருக்கு ஊசி இரண்டாகத் தெரிந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே. கீழே இருப்பது கொஞ்சம் சாய்ந்து வேறு தெரிகிறது. நிமிர்ந்து பார்த்தால் பரவாயில்லை, குனிந்து பார்த்தால்தான் தொல்லை. தையல்காரருக்குக் குனிந்து பார்ப்பதுதானே வேலையே! மாடிப்படி இறங்கும்போதும் அதே கதை. எது நிஜப் படி, எது பொய்ப் படி என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு காலால் துழாவி இறங்குவார். கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன அண்ணாச்சி, காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?"

அவமானத்தில் மாமா யாரிடமும் சொல்லவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் கொஞ்சம் சரியாகிறது என்று அவரே கண்டுபிடித்து, சாய்த்தபடியே நடந்தார். அத்தை கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டார். பிறகு கண்ணாடிக்கடை. "பவர் மாறிடுச்சு" என்று ஒரு கண்ணாடி. அது சரிப்படாமல் இன்னொரு கண்ணாடி. நடுவில் பொன்னாங்கண்ணிக் கீரை, விளக்கெண்ணெய் எல்லாம் நடந்தது.

கடைசியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே பரிசோதனை செய்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஒரு கண்ணைக் கையால மூடுனா, ரெண்டு ஒண்ணாயிடுதா ஐயா?"

மாமா மூடிப் பார்த்தார். ஒன்றாகிவிட்டது. மற்றக் கண்ணை மூடினார். அப்போதும் ஒன்றுதான்.

காசு செலவில்லாத, பத்து விநாடிகூட ஆகாத இந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு கண்ணாடிக் காசு மிச்சம். டீக்கடைப் பேச்சும் மிச்சம். அன்றைக்கு வந்த கோபத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கேள்வி

ஒரு கண்ணை மூடிய பிறகும் திறந்திருக்கும் கண்ணில் இரண்டாகவே தெரிந்தால் கோளாறு அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கண்புரை, கருவிழியின் வளைவு சீராக இல்லாதது, கண் உலர்ந்துபோவது போன்றவை. அனேகமாகக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ புரை அறுவையோ போதும்.

எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிடுகிறது என்றால் விஷயமே வேறு. தனித்தனியாக இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதைக் கண்ணாடிக்கடையில் பவர் மாற்றித் தீர்க்க முடியாது.

மெக்கானிக்கல் மாணவனான எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 12. அவற்றை இயக்குபவை ஒரு பக்கத்துக்கு மூன்று நரம்புகள்: மூளை நரம்புகளில் 3ஆவது, 4ஆவது, 6ஆவது. இதில் 4ஆவது நரம்பு ஒரே ஒரு தசைக்குத்தான் போகிறது. அந்தத் தசையோ நேராகப் போய்க் கண்ணில் ஒட்டுவதில்லை. மூக்கோரம் மேலே இருக்கும் ஒரு சின்ன வளையத்துக்குள் நுழைந்து, திரும்பி வந்து ஒட்டுகிறது. அச்சு அசலாக நம் கிணற்றுக் கப்பி! கண்ணைக் கீழே இறக்குவதும், சாயாமல் பிடித்துக்கொள்வதும் அதன் வேலை.

இந்த 4ஆவது நரம்பு ரொம்ப மெல்லியது. மண்டைக்குள் அது போகும் வழியும் மற்றவற்றைவிட நீளம். அதனால் தலையில் அடிபட்டால் சுலபமாக மாட்டிக்கொள்கிறது. மாமாவுக்கு நடந்தது அதுதான். குனிந்தால் இரட்டை, படி இறங்கினால் இரட்டை, பிம்பம் சாய்வது, தலையைச் சாய்த்தால் சரியாவது எல்லாம் அதன் அடையாளங்கள். தெருவே பார்த்துச் சிரித்த அந்தத் தலைச்சாய்வுதான் நோயைக் காட்டிக்கொடுத்தது.

வேறு எதனால் வரும்?

இரட்டைப் பார்வை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. பின்னால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

1. சர்க்கரையும் ரத்த அழுத்தமும். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய் அடைபட்டு ஒரு நாள் காலையில் திடீரென்று வரும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், கத்தி தேவையில்லை.

2. தைராய்டு. கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் வீங்கி இறுகிப்போகும். கண் முன்னால் பிதுங்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாகும்.

3. மயஸ்தீனியா என்னும் தசைச்சோர்வு நோய். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. காலையில் பரவாயில்லை, பொழுது சாயச் சாய இமை தொங்கும், எல்லாம் இரண்டாகும். மருந்துதான் இதற்கு வழி.

4. சிறு வயதிலிருந்தே இருந்த லேசான மாறுகண். மூளை இத்தனை வருஷம் சமாளித்து வந்திருக்கும். நாற்பது ஐம்பது வயதில் ஒருநாள் கைவிட்டுவிடும்.

5. முதுமை. கண் தசைகளைத் தாங்கும் இணைப்புத் திசு தளர்ந்து தசைகள் இடம் பெயர்வதால் வருவது. தாத்தா பாட்டிகள் டிவி பார்க்கும்போது "எழுத்து ரெண்டா ஓடுது" என்றால் புரை மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அப்புறம் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாத சில உண்டு. இரட்டைப் பார்வையோடு இமை தொங்கி, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகி, தலைவலியும் இருந்தால் மூளை ரத்தக்குழாய் ஒன்று வீங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, நடை தள்ளாடுவது இவற்றோடு சேர்ந்து வந்தால் பக்கவாதமாக இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி என்று சேர்ந்து வந்தால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வையே போய்விடும். இங்கெல்லாம் "நாளைக்குப் பார்ப்போம்" கிடையாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

கவனித்தீர்களா? தள்ளாடுகிறார், குழறுகிறார், இரண்டாகத் தெரிகிறது என்கிறார். குடிகாரன் என்று நாம் சிரித்துவிட்டுப் போகும் அதே அடையாளங்கள்தான் பக்கவாதத்துக்கும். அந்தச் சிரிப்பில் ஓர் உயிர் போகலாம்.

ஆபரேஷன் எப்போது?

மாமாவுக்கு அன்றைக்கே ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். டாக்டர் சிரித்தார். "நரம்பு தானா திரும்பி வர வாய்ப்பு இருக்கு. ஆறு மாசமாவது பொறுக்கணும்." நியாயம்தான். இன்றைக்கு அளவு பார்த்துத் தசையை மாற்றித் தைத்து, நாளைக்கு நரம்பு குணமானால் கண் எதிர்ப்பக்கம் போய்விடும். மாறிக்கொண்டிருக்கும் அளவுக்குச் சட்டை தைக்க முடியாது என்று மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. :-)

அதுவரை? கண்ணாடியின் ஒரு பக்கத்தில் பிரிசம் ஒட்டிக் கொடுத்தார்கள். 1 டயாப்டர் பிரிசம், 1 மீட்டர் தூரத்தில் ஒளியை 1 சென்டிமீட்டர் நகர்த்தும். பலருக்கு இந்தப் பிரிசமே போதும், கத்திப் பக்கமே போக வேண்டாம். மாமாவுக்குப் பாதிதான் உதவியது. பிரிசம் பிம்பத்தை மேலே கீழே நகர்த்தும், ஆனால் சாய்ந்த பிம்பத்தை நிமிர்த்தாது. நேராகப் பார்க்கும்போது ஓர் அளவும், குனியும்போது வேறோர் அளவும் தேவைப்பட்டது இன்னொரு சிக்கல். தைக்கும்போது ஒரு கண்ணில் டேப் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

2023 செப்டம்பர் வரை மூன்று முறை அளந்தார்கள். கடைசி இரண்டு முறையும் அளவு மாறவில்லை. பத்து மாதம் ஆகிவிட்டது, இனி நரம்பு வராது என்று தெரிந்த பிறகுதான் தேதி குறித்தார்கள்.

அத்தை அழுதார். "கண்ணை வெளிய எடுத்து வச்சு ஆபரேஷன் பண்ணுவாங்களாமே?" இந்த வதந்தியை யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை. கண்ணை யாரும் எடுப்பதில்லை. கண்ணின் உள்ளே கத்தி போவதும் இல்லை. வெளியே ஒட்டியிருக்கும் தசையைப் பிரித்து, கொஞ்சம் தள்ளித் தைத்து அதன் இழுவையைக் குறைக்கிறார்கள். அல்லது சுருக்கித் தைத்துக் கூட்டுகிறார்கள். மாமாவுக்கு அடிபட்ட கப்பித் தசையைத் தொடவில்லை. அதற்கு எதிராக இழுக்கும் கீழ்த்தசையைத் தளர்த்தினார்கள். ஒரு பக்கக் கயிறு தொய்ந்துவிட்டால் மறுபக்கக் கயிற்றையும் தளர்த்திச் சமன் செய்கிற கணக்குதான்.

இந்த வித்தை ஒன்றும் புதிதில்லை. யோஹான் டீஃபென்பாக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1839-இலேயே மாறுகண்ணுக்குத் தசை அறுவை செய்து வெற்றி கண்டார். இன்னொரு சுவாரசியம்: நடிகர் நடிகைகள் சுருக்கம் போகப் போட்டுக்கொள்கிறார்களே போடாக்ஸ் ஊசி, அதை ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் மருந்தாக்கியது மாறுகண்ணுக்கு அறுவை இல்லாமல் தீர்வு தேடித்தான். அமெரிக்காவில் 1989-இல் அனுமதி கிடைத்ததும் மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும்தான். அழகு எல்லாம் அப்புறம் வந்தது.

சுருக்கமாகச் சொன்னால், காரணம் தெரிந்து, அதற்கு வைத்தியம் முடிந்து, அளவு மாறாமல் நின்று, பிரிசமும் போதவில்லை என்றால் ஆபரேஷன் உதவும். தைராய்டுக்காரர்களுக்கும் வீக்கம் அடங்கி மாதக்கணக்கில் அளவு நிலையாக நின்ற பிறகுதான். கட்டுக்குள் வராத தசைச்சோர்வு நோயில் கத்தி வைத்துப் பயனில்லை. பொறுத்திருக்கக் கூடாத ஒரு விதிவிலக்கு உண்டு. முகத்தில் அடிபட்டுக் கண்குழி எலும்பு உடைந்து அதில் தசை சிக்கிக்கொண்டால் சீக்கிரமே விடுவிக்க வேண்டும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு.

என் வழக்கு இதுதான்

ஆபரேஷனுக்கு முன்னால் காப்பீட்டு ஆபீசில் ஒரு பதில் வந்தது: மாறுகண் அறுவை அழகுக்காகச் செய்வது, பணம் தர முடியாது. ஊசியில் நூல் கோர்க்க முடியாத டெய்லருக்கு அழகு சிகிச்சையாம்! டாக்டரிடம் கடிதம் வாங்கி, இரண்டு முறை அலைந்து, பிறகுதான் கிடைத்தது. கடிதம் எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்?

உறவினர்களும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். "இந்த வயசுல கண்ணு நேரா இருந்து என்ன பண்ணப் போறே?" "மாறுகண்ணு அதிர்ஷ்டம்தானேப்பா." மாமாவுக்கு அப்போது 46 வயது. இன்னும் இருபது வருஷம் உழைக்க வேண்டிய மனுஷர். மாறுகண் அறுவை குழந்தைகளுக்குத்தான், பெரியவர்களுக்கு வீண் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. உண்மையில், பெரியவர்களுக்குத்தான் இரட்டைப் பார்வை அதிகத் தொல்லை. சிறு குழந்தையின் மூளை ஒரு கண்ணின் பிம்பத்தைத் தள்ளிவைக்கக் கற்றுக்கொள்ளும். வளர்ந்தவர் மூளை அதை லேசில் கற்காது. இரண்டு ஊசியையும் காட்டிக்கொண்டே இருக்கும்.

அதற்காக ஆபரேஷனை மந்திரம் என்றும் சொல்லமாட்டேன். சிலருக்கு இரண்டாவது முறை தேவைப்படும். எல்லாத் திசையிலும் ஒன்றாகிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. நேராகப் பார்க்கும்போதும் படிக்கும்போதும் ஒன்றாகத் தெரிவதுதான் குறி. மாமாவுக்கு இன்றைக்கும் தலையை அசைக்காமல் கடைக்கண்ணால் கீழ்க்கோடியைப் பார்த்தால் இரண்டுதான். "அந்த மூலைல எனக்கு என்ன வேலை மாப்ள?" என்று சிரிக்கிறார்.

ஆபரேஷன் முடிந்த ஆறாவது வாரம் கடையைத் திறந்தார். கண்ணில் சிவப்பு முழுக்கப் போகவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். நூலை நுனியில் ஈரப்படுத்தி, ஒரு கண்ணையும் மூடாமல், முதல் தடவையிலேயே கோர்த்தார். ஒன்றும் பேசவில்லை. மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

இனி யாராவது "ரெண்டு ரெண்டா தெரியுது" என்றால் சிரிக்காதீர்கள். ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணாடிக்கடைக்கு அல்ல, டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். இதை வைத்து யாரும் சுயவைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். ஹெல்மெட்டை மட்டும் தலையில் மாட்டிக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்குக்கு 4ஆவது நரம்பு கிடையாது. :-)