மென்பொருள் குறிப்பு எங்கே இருக்கணும்? கோடு இருக்கும் இடத்திலேயே!

மருந்துக்கடையில் மாத்திரை கவர் மேலேயே 'காலை, இரவு' என்று எழுதிக் கொடுப்பார்கள். தனிச் சீட்டில் எழுதினால், சீட்டு ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம் போய்விடும். மென்பொருள் பேக்கேஜ்களுக்கும் இதே சிக்கல்தான்.

பேக்கேஜ் என்பது ஒருவர் எழுதி, பலர் எடுத்துப் பயன்படுத்தும் கோடு தொகுப்பு. அதிலுள்ள ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன வாங்கும், என்ன தரும் என்று யாராவது எழுதி வைக்கணும். எங்கே எழுதுவது?

வெளியே ஒரு தளத்தில் எழுதலாமே என்பார்கள். எழுதலாம். ஆனால் அந்தத் தளம் நிலைக்குமா? ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016 ஜூலையில் 'டாக்குமென்டேஷன்' என்று ஒரு தனிப் பகுதியைத் தொடங்கியது. பலர் சேர்ந்து எழுதினார்கள். 2017 ஆகஸ்டில் அதை மூடிவிட்டார்கள்.

கோடுக்குள்ளேயே எழுதினால் இந்தப் பயம் இல்லை. பைத்தானில் இதற்குப் பெயர் டாக்ஸ்ட்ரிங். எப்படி எழுதணும் என்று 2001லேயே வழிகாட்டுதல் (பெப் 257) வந்துவிட்டது. இணையம் இல்லாவிட்டாலும் ஹெல்ப் என்று கேட்டால், உங்கள் கணினியில் இருக்கும் அதே வெர்ஷனுக்கான குறிப்பு வரும்.

ரஸ்ட் மொழி இன்னும் கறார். குறிப்பில் தரும் உதாரணக் கோடை டெஸ்ட்டின்போது ஓட்டிப் பார்க்கும். கோடு மாறி உதாரணம் பழசாகி ஓடாமல் போனால் டெஸ்ட் ஃபெயில்.

ஆர் மொழியில் குறிப்பு தனி ஃபைலில் இருக்கும்; ஆனால் பேக்கேஜுக்குள்ளேயே இருக்கும். ஃபங்ஷனும் குறிப்பும் பொருந்தாவிட்டால் சோதனையில் எச்சரிக்கை வரும். ஆக, ஒரே ஃபைல் என்பதுகூட முக்கியமில்லை. பேக்கேஜோடு சேர்ந்தே பயணிக்கணும், சரிபார்க்கப்படணும். அவ்வளவுதான்.

'கோடை விடக் குறிப்பு நீளமாகிவிடுகிறதே' என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. புதிதாகக் கற்பவருக்கான நீண்ட பாடத்தை ஒரு ஃபங்ஷனின் தலையில் ஏற்ற முடியாது. அதைத் தனி ஃபைலாக, அதே பேக்கேஜில் வைக்கலாம்.

பக்கத்தில் வைத்தால் மட்டும் குறிப்பு தானாகத் திருந்தாது என்பதும் உண்மை. கோடை மாற்றுபவர், அதே மாற்றத்தில் குறிப்பையும் திருத்தணும். அருகிலேயே இருந்தால் குறைந்தது கண்ணிலாவது படும்.

இதில் கஷ்டப்படுவது யார்? அந்தக் கோடை எழுதியவர் அல்ல, அவருக்கு எல்லாம் மனப்பாடம். முதல் வேலையில் சேர்ந்து, பழைய குறிப்பை நம்பி ராத்திரி முழுக்க மோதிவிட்டு, 'தப்பு என்மேலதான் போல' என்று நினைத்துக்கொள்ளும் புதியவர்தான். கவர் மேல் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் தூங்கியிருப்பார்.