சொல்லுக்குச் சொல் மாற்றினால் இங்கிலீஷ் வராது!

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதி. அங்கே ஒரு கடைத் தெரு. வியாபாரி ஒருவர் தம் நண்பரைக் கூப்பிடுகிறார். கையில் இருக்கும் பழைய கடிகாரத்தைக் காட்டுகிறார்.

"இதை ஒரு புட்சர்ஸ் எடு!" என்கிறார்.

'புட்சர்' என்றால் கசாப்புக் கடைக்காரர். கடிகாரத்துக்கும் கசாப்புக் கடைக்காரருக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலீஷ் நன்றாகப் படித்தவர்கூடத் திகைத்து நிற்பார்.

சம்பந்தம் ஒன்றும் இல்லை. எல்லாம் ஓசை செய்த வேலை!

'லுக்' என்றால் பார்வை. 'ஹுக்' என்றால் கொக்கி. இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன. இறைச்சியைத் தொங்கவிடும் கொக்கிக்கு 'புட்சர்ஸ் ஹுக்' என்று பெயர். 'லுக்' என்பதற்குப் பதிலாக, வேடிக்கைக்காக 'புட்சர்ஸ் ஹுக்' என்றார்கள். நாளடைவில் 'ஹுக்' உதிர்ந்துவிட்டது. 'புட்சர்ஸ்' மட்டும் நின்றது. அதற்குப் பொருள், 'ஒரு பார்வை!'

இப்படி ஓசையை வைத்துப் பேசும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிழக்கு லண்டனில் பரவியது. தெருவில் கூவி விற்றவர்களும் கூலிக்காரர்களும் அப்படிப் பேசினார்கள். பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் உண்டாக்கிய பேச்சு அல்ல அது.

பட்டாளம் கொண்டுபோன சொல்

இங்கிலீஷில் 'பார்வை'க்கு இன்னொரு கொச்சைச் சொல் உண்டு. அது 'டெக்கோ'. "ஒரு டெக்கோ பார்ப்போம்" என்றால் "ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம்" என்று பொருள்.

இந்தச் சொல் எங்கே பிறந்தது தெரியுமா? இந்தியாவில்!

ஹிந்தியில் 'தேக்கோ' என்றால் 'பார்' என்று அர்த்தம். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் அந்தச் சொல் விழுந்தது. அவர்கள் வாயிலும் ஏறிக்கொண்டது. ஊர் திரும்பியபோது அதையும் கூடவே கொண்டுபோனார்கள்.

'ஷுஃப்டி' என்று மற்றொரு சொல். அதற்கும் 'ஒரு பார்வை' என்றே பொருள். அது அரபு மொழியிலிருந்து வந்தது. அரபு நாடுகளில் வேலை பார்த்த பிரிட்டிஷ் விமானப் படையினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆக, வெள்ளைக்காரர் ஒரு பொருளைப் பார்ப்பதற்குக்கூட மற்ற நாட்டாரிடம் சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறார்!

நீண்ட கழுத்து!

வாத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது 'கூஸ்' என்ற பெரிய பறவை. அதற்கு நீண்ட கழுத்து. அதில் ஆண் பறவைக்கு 'கேண்டர்' என்று பெயர். கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பவரைக் கண்டதும் அந்தப் பறவையின் நினைவு வந்தது. 'கேண்டர்' என்ற சொல்லுக்கே 'பார்வை' என்ற பொருளும் வந்து சேர்ந்தது.

அமெரிக்கர்கள் ஒரு படி மேலே போனார்கள். தெருவில் விபத்து நடந்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பி வேடிக்கை பார்ப்பவர்களுக்கு 'ரப்பர் நெக்' என்று பெயர் வைத்தார்கள். 'ரப்பர் கழுத்து!' 1890களில் பிறந்த சொல் அது. இன்றும் வழக்கில் இருக்கிறது. விபத்தை வேடிக்கை பார்க்கும் வழக்கமும் ஒழியவில்லை!

கண் வைக்கலாமா?

இனிதான் ஆபத்து ஆரம்பம்.

'குழந்தையைக் கவனித்துக்கொள்' என்பதற்கு இங்கிலீஷில் 'கீப் அன் ஐ' என்ற தொடர் உண்டு. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, "குழந்தை மேல் கண் வை" என்று ஒரு தமிழ் வீட்டில் சொல்லிப் பாருங்கள். பாட்டி சும்மா இருப்பாரா? உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு திருஷ்டி சுற்ற வந்துவிடுவார்!

'சீ ஐ டு ஐ' என்று ஒரு தொடர். 'கண்ணும் கண்ணும் பார்ப்பது' என்று மாற்றினால் அது காதல் காட்சி ஆகிவிடும். இங்கிலீஷில் அதற்கு அர்த்தம், இருவருக்கும் ஒரே கருத்து என்பதுதான். இரண்டு வியாபாரப் பங்காளிகள்கூட அப்படிப் 'பார்க்கலாம்!'

கோபப் பார்வையும் அப்படியே. தமிழில் கோபம் வந்தால் பார்வையாலேயே எரித்துவிடுவார்கள். இங்கிலீஷில் கத்தியால் குத்துவார்கள்! 'லுக் டாகர்ஸ்' என்பது அந்தத் தொடர். 'டாகர்' என்றால் குத்துவாள்.

'லுக்' என்ற ஒரே சொல் படுத்தும் பாடு கொஞ்சமா? 'லுக் ஆஃப்டர்' என்றால் பின்னால் பார்ப்பது அல்ல; பராமரிப்பது. 'லுக் இன்டு' என்றால் உள்ளே எட்டிப் பார்ப்பது மட்டும் அல்ல, விசாரிப்பதும்தான். 'லுக் டவுன் ஆன்' என்றால் இளக்காரமாக நினைப்பது.

நெல்சனின் கண்

ஒரு தொடருக்குப் பின்னால் ஒரு போரே இருக்கிறது.

1801ஆம் வருஷம் ஏப்ரல் 2ந் தேதி. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் அருகே கடற்போர். பிரிட்டிஷ் கப்பற்படையில் நெல்சன் முன்னணியில் இருந்தார். தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர். "போரை நிறுத்து" என்று பார்க்கரின் கப்பலிலிருந்து கொடி காட்டப்பட்டது.

நெல்சனுக்கு வலது கண்ணில் பார்வை இல்லை. 1794ல் கார்சிகா தீவில் நடந்த சண்டையில் அது போய்விட்டது. தொலைநோக்கிக் கண்ணாடியை அவர் அந்தக் கண்ணில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கொடி தெரியவில்லையே!" என்றாராம். போர் தொடர்ந்தது. வெற்றியும் கிடைத்தது.

'குருட்டுக் கண்ணைத் திருப்புவது' என்ற இங்கிலீஷ் தொடருக்கு இந்தக் கதையே பெரும் புகழைத் தந்தது. 'கண்டும் காணாதது போல் இருப்பது' என்று தமிழில் சொல்வதும் அதுதான்.

கதையைக் கேட்டவர் அந்தத் தொடரை மறப்பாரா? மாட்டார். கதை தெரியாமல் மனப்பாடம் செய்தவர் மறுநாளே மறந்துவிடுவார்.

சிரிக்காதீர்கள்!

பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் பெற்றோரும் ஆசிரியர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சொற்களைத் தனித்தனியே உருப்போட வைத்தால் போதாது. முழுத் தொடரையும் சொல்லிக் கொடுங்கள். அது எந்த இடத்தில் வரும், எப்படி வந்தது என்றும் சொல்லுங்கள். இன்னார் இன்னாரிடம் பேசலாம் என்ற வரம்பையும் சொல்லுங்கள். 'புட்சர்ஸ்' சிநேகிதரிடம் பேசும் பேச்சு. உத்தியோகம் கேட்டுப் போகும் இடத்தில் அதைச் சொன்னால் உத்தியோகம் கிடைக்காது!

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பிள்ளை தவறாகப் பேசினால் சிரிக்காதீர்கள். ஒரு தடவை கேலிக்கு ஆளான பிள்ளை மறுபடி வாய் திறக்கப் பல நாள் ஆகும். வாய் திறக்காமல் எந்த மொழியும் வராது. இங்கிலீஷ் பேசும் நாட்டிலேயே கூலிக்காரரும் சிப்பாயும், காதில் விழுந்ததை வாய்க்கு வந்தபடி சொன்னார்கள். 'தேக்கோ' 'டெக்கோ' ஆனது அப்படித்தான். அந்தப் பிழை அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பிழை மட்டும் பெருங்குற்றமா?

வகுப்பிலோ வீட்டிலோ ஒரு பிள்ளை தடுமாறி நிற்கிறது. நாலு பேர் சிரிக்கிறார்கள். அப்போது நெல்சனைப் போல் குருட்டுக் கண்ணைத் திருப்பாதீர்கள். நல்ல கண்ணால் பாருங்கள். சிரிப்பவரை நிறுத்திவிட்டு, பிள்ளையைப் பேச விடுங்கள்!