வேலி யாருக்கு?

வேட்டை நம் மார்க்கம் அனுமதித்த செயலே. பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தரும் இரையை இறைவன் பெயர் கூறி உண்ணலாம் என அல்மாயிதா அத்தியாயம் தெளிவுறுத்துகிறது. இஹ்ராம் பூண்டவருக்குத் தரைவேட்டையை விலக்குவதும் அதே அத்தியாயந்தான். வேட்டைக்கு வரம்பு உண்டென்பதில் நமக்குள் வாதமில்லை. அவ்வரம்பு இன்று யார்மீது விழுகிறது என்பதே நம் வினா.

கானமயிலின் இனத்தைச் சேர்ந்த ஹுபாரா, மத்திய ஆசியாவின் கடுங்குளிருக்குத் தப்பி ஆண்டுதோறும் பாகிஸ்தானுக்கு வரும் பறவை. இராசாளியை ஏவி அதனைப் பிடிப்பது அரபியரின் பழங்கலை; பாலையில் பசியாற வழிதேடிய நாடோடிகளின் கலை. எண்ணெய்ச் செல்வம் பெருகியபின் மோட்டார் வண்டிகள் பாலையில் பாய்ந்தன. அரபு மண்ணில் பறவை அருகியது. செல்வர் அயல்நாடுகளை நாடினர்.

பாகிஸ்தான் அரசு வளைகுடா அரச குடும்பத்தினருக்குச் சிறப்பு அனுமதி வழங்கி, பலூசிஸ்தானிலும் சிந்துவிலும் பஞ்சாபிலும் நிலப்பகுதிகளை ஒதுக்கித் தருகிறது. உள்ளூர்வாசி அதே பறவையைப் பிடித்தால் குற்றவாளி. 2014 ஜனவரியில் சாகாய் மாவட்டத்தில் ஒரு சஊதி இளவரசரின் குழு 21 நாள்களில் 2,100 ஹுபாராக்களை வீழ்த்தியதாக அங்குள்ள வன அதிகாரியின் அறிக்கை கூறிற்று. அனுமதியோ பத்து நாள்களுக்கு நூறு பறவைகள்! 2015 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் இவ்வேட்டையைத் தடுத்தது. 2016 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அத்தடையை நீக்கியது. 2021 நவம்பரில் சிந்துவில், ஹுபாரா வேட்டைக்கு வந்த அயல்நாட்டு விருந்தினரைப் படமெடுத்து வெளியிட்ட ஊர்க்காரர் ஒருவர் கொல்லப்பட்டார்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். தான்சானியாவின் லோலியோண்டோவில் மசாயி மக்களின் மேய்ச்சல் நிலத்தில் 1992-இல் ஓர் அமீரக நிறுவனத்துக்கு வேட்டை உரிமை தரப்பட்டது. 2009-இல் மேய்ப்பர்களின் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நடப்பட்டது. எதிர்த்து நின்ற மசாயிகள் பலர் காயமுற்றனர்.

‘அவர்கள் மருத்துவமனை கட்டினார்கள், பள்ளிவாசல் எழுப்பினார்கள், ஹுபாராவை வளர்த்துப் பறக்கவும் விடுகிறார்கள்’ என்பர் சிலர். உண்மைதான். ரஹீம் யார்கானில் ஷேக் ஸாயித் பெயரால் மருத்துவமனை நிற்கிறது. ஆயினும் தருமம் ஏழையின் உரிமைக்குக் கொடுக்கும் விலையாகுமா? விலை பேசிக் கொடுப்பது வாணிகம். அதற்குத் தருமம் என்ற பெயர் பொருந்தாது.

இஸ்லாத்துக்கு முன் அரபுத் தலைவன் உயர்ந்த இடத்தில் நாயைக் குரைக்கச் செய்து, அவ்வொலி எட்டும் மட்டும் தன் ‘ஹிமா’ என்று நிலத்தை வளைத்துக் கொள்வானாம். அத்தகைய தனியுடைமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். ஹிமா பொதுநலனுக்கே உரியதாயிற்று. பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிமாவின் காவலுக்கு ஹுனை என்பவரை அமர்த்தியபோது, அநீதிக்கு ஆளானவனின் துஆவை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். சில ஒட்டகமும் சில ஆடும் உடையவனை உள்ளே விடும்படியும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகிய செல்வரின் மந்தைகளை விலக்கும்படியும் ஆணையிட்டார்கள். அவ்விருவரும் சுவனத்துக்கு நன்மாராயம் பெற்ற நபித்தோழர்கள்! அவர்களுக்கே அன்று அடைத்த வாயில், இன்று செல்வருக்கு விரியத் திறந்து, ஆட்டிடையனுக்கு அடைபட்டுக் கிடக்கிறது.

நம் பிள்ளைகள் வளைகுடாவில் உழைத்து உண்கின்றனர். அந்நாடுகளின்பால் நமக்கு நன்றியுண்டு. ஆனால் நன்றி நம் நாவுக்குப் பூட்டாகிவிடலாகாது. அந்நியர் அநீதி செய்தால் மேடையேறி முழங்கும் நாம், நம்மவர் செய்யும்போது வாய்மூடி இருப்போமாயின், நாம் பேசியது நீதியன்று, இனப்பற்றே. பலூசிகளும் சிந்திகளும் நம் சகோதரர்கள். மசாயிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். எனினும் அநீதிக்கு ஆளானவனின் துஆவுக்கும் இறைவனுக்குமிடையே திரையில்லை என்று கற்றவர்கள் நாம். அந்த துஆவை அஞ்சுவோமாக!