கண்டுபிடிப்பா, ஆள்பிடிப்பா?

போர்ச்சுகலின் தென்கரையில் லாகோஸ் என்றொரு சிறு நகரம். நைஜீரியாவின் லாகோஸ் அல்ல. 'கண்டுபிடிப்புகளின் காலம்' இங்கிருந்துதான் பாய்விரித்தது என்று பெருமை பேசுகிறார்கள். நம் பள்ளிப் பாடத்திலும் 'மாலுமி ஹென்றி' கடற்பயணங்களின் புரவலர். அத்தோடு பாடம் முடிந்துவிடும்.

அடிமை வணிகத்தின் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: திரும்பி வந்த கப்பல்கள் எதை ஏற்றி வந்தன?

1444 ஆகஸ்ட் 8. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பிடிக்கப்பட்ட 235 பேரை லாகோஸில் ஒரு திடலில் நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். தாய் ஒரு பங்கில், பிள்ளை ஒரு பங்கில். குதிரைமேல் அமர்ந்திருந்த இளவரசர் ஹென்றிக்கு ஐந்தில் ஒன்று: 46 பேர். இதை எழுதிவைத்தவர் எதிரி அல்ல. அரசவை வரலாற்றாசிரியர் சுராரா. அந்த ஓலத்தைக் கண்டு தனக்கு அழுகை வந்ததாக எழுதியவர், அவர்களின் ஆன்மா கடைத்தேறுகிறதே என்று தேறியும் கொண்டார்.

இந்த நியாயம் நமக்குப் புதிதா? இப்பிறவியில் ஏவல் செய், மறுபிறவியில் பலன் என்று நம் முன்னோரிடம் சொன்னதும் இதுதானே. உழைப்பு எனக்கு, மோட்சம் உனக்கு!

அந்த மோட்சத்தின் லட்சணம் 2009இல் வெளிப்பட்டது. லாகோஸில் நிலத்தடி வாகன நிறுத்தத்துக்குத் தோண்டியபோது, பழைய நகர மதிலுக்கு வெளியே இருந்த குப்பைக்குழியில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. குழந்தைகளும் இருந்தார்கள். சிலர் கைகள் கட்டப்பட்ட நிலையில் கிடந்தார்கள். ஆன்மாவை மீட்டதாகச் சொன்னவர்கள் உடலுக்கு ஆறடி மண் தரவில்லை. சுடுகாட்டுப் பாதைக்கே இன்றும் போராடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான், இன்றைய அளவுகோலால் அளக்காதீர்கள்" என்பார்கள். சுராராவின் கண்ணீரே அதற்குப் பதில். அது கொடுமை என்று அன்றே தெரிந்திருந்தது. தெரிந்தும் செய்தார்கள். ஒடுக்குபவரின் இரக்கம் ஒருவரையும் விடுவித்ததில்லை.

இன்று அந்நகரின் சதுக்கத்தில் ஹென்றிக்குச் சிலை இருக்கிறது. அருகிலேயே அடிமைச் சந்தை அருங்காட்சியகமும் இருக்கிறது. எலும்புகள் கிடைத்த இடத்திலோ வாகன நிறுத்தம் கட்டி முடிக்கப்பட்டது. அருங்காட்சியகம் வந்தால் போதாது தோழர்களே, பாடப்புத்தகமும் மாற வேண்டும். அங்கும் இங்கும். ஆப்பிரிக்காவுடன் லாகோஸ் கொண்டதை 'வணிக உறவு' என்று எழுதும் ஒவ்வொரு வரியிலும் அந்த 235 பேரும் மறுபடி பங்கு பிரிக்கப்படுகிறார்கள். அதன் பெயர் கண்டுபிடிப்பு அல்ல, ஆள்பிடிப்பு. அப்படியே எழுதுவோம்.